ரியோஹா சிவப்பு ஒயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினில் சிவப்பு ஒயின் செய்யாத மாகாணம் அரிது. இருந்தாலும் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பள்ளத்தாக்கோடு நின்றுகொள்கிறேன். ரியோஹாவை நான் விரும்புவதற்கு முதல் காரணம், அங்கே ஒயினோடு சேர்ந்து காத்திருக்கும் பொறுப்பை அதைச் செய்தவரே ஏற்றுக்கொள்கிறார் என்பது. வாங்கி வைத்துப் பத்து வருடம் பூட்டிவைக்க வீட்டில் நிலவறை வேண்டியதில்லை. அந்த வருடங்கள் புட்டி கடைக்கு வருவதற்கு முன்பே கழிந்திருக்கும்.

ரியோஹா என்பது திராட்சையின் பெயரா, ஊரின் பெயரா?

நிலத்தின் பெயர். வட ஸ்பெயினில் எப்ரோ ஆறு ஓடும் பள்ளத்தாக்கு. அங்குள்ள சிற்றாறு ஒன்றின் பெயர் ஓஹா. ஸ்பானிஷில் ஆறு என்றால் ரியோ. இரண்டும் சேர்ந்து ரியோஹா ஆனது என்பதுதான் அங்கே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 'ரியோஜா' என்று சிலர் படிக்கிறார்கள். தொண்டையிலிருந்து வரும் 'ஹ' ஒலிதான் சரி.

புட்டியின் மேல் இந்தப் பெயரைப் போட எல்லோருக்கும் உரிமை கிடையாது. நம் புவிசார் குறியீடு போன்ற ஒரு காப்பு இதற்கு 1925இலேயே கிடைத்தது. 1991இல் அதற்கும் மேலான தகுதியை ஸ்பெயினில் முதன்முதலாகப் பெற்றதும் ரியோஹாதான். எல்லைக்குள் விளைந்த திராட்சையாக இருக்க வேண்டும் என்பதோடு விதி நிற்பதில்லை. சிவப்புத் திராட்சை ஒரு ஹெக்டேருக்கு 6,500 கிலோவுக்கு மேல் எடுக்கக்கூடாது, 100 கிலோ பழத்திலிருந்து 70 லிட்டருக்கு மேல் ஒயின் வடிக்கக்கூடாது என்பதுவரை கணக்கு போகும்.

நிலம் எப்படிப்பட்டது?

வடக்கே கன்டாப்ரியா மலைத்தொடர், செங்குத்தான சாம்பல் நிறச் சுவர் மாதிரி நிற்கும். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் குளிர்ந்த மழைக்காற்றில் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். தெற்கே தெமாண்டா மலைகள். நடுவில் எப்ரோ மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. கொடிகள் சுமார் 65,000 ஹெக்டேரில் இருக்கின்றன. ஒயின் வட்டாரத்தின் எல்லையும் லா ரியோஹா மாநிலத்தின் எல்லையும் ஒன்றல்ல. ஸ்பெயினுக்குள்ளேயே 'பாஸ்க் நாடு' என்று அழைக்கப்படும் பக்கத்து மாநிலத்தின் ஆலவா மாகாணத்திலும், நவார்ரா மாநிலத்திலும் ஒரு பகுதி இருக்கிறது.

உள்ளே மூன்று பிரிவுகள். மேற்கே ரியோஹா ஆல்தா, ஆற்றுக்கு வடகரையில் ரியோஹா ஆலவேசா, கிழக்கே ரியோஹா ஓரியென்டால். முதல் இரண்டிலும் சுண்ணாம்பு கலந்த களிமண், உயரம், குளிர்ந்த இரவுகள். பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு கெடாமல் நிற்கும். கிழக்கே போகப்போக மழை குறைந்து வெயில் ஏறும், மத்தியதரைக் கடலின் வெப்பம் எட்டிப் பார்க்கும். 'பாஹா' என்றால் தாழ்ந்தது. அதனால் 'ரியோஹா பாஹா' என்ற பழைய பெயரே தங்கள் ஒயினை மட்டமாகக் காட்டுகிறது என்று கிழக்குப் பகுதியினர் வருந்தினார்கள். 2018இல் 'ஓரியென்டால்', அதாவது 'கிழக்கத்தி' என்று மாற்றிவிட்டார்கள். நியாயமான மாற்றம். அங்கே உயரமான சரிவுகளில் நிற்கும் பழைய கர்னாச்சா கொடிகளின் ஒயினைக் குடித்தவர்கள் அதைத் தாழ்ந்தது என்று சொல்ல மாட்டார்கள்.

எந்தத் திராட்சை?

முதன்மையானது டெம்ப்ரானியோ. 'டெம்ப்ரானோ' என்றால் ஸ்பானிஷில் 'முன்கூட்டியே'. மற்ற வகைகளுக்கு முன்னால் பழுத்துவிடுவதால் வந்த பெயர். ஸ்பெயின் முழுக்க இதே திராட்சைக்கு ஊருக்கொரு பெயர். ரிபேரா தெல் துவேரோவில் தின்தோ ஃபினோ, லா மான்ச்சாவில் சென்சிபெல், போர்ச்சுகலில் தின்தா ரோரிஸ். கத்தலோனியாவில் இதற்கு 'முயல் கண்' என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. கொடியில் கறுத்துத் திரண்டு நிற்கும் பழத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

டெம்ப்ரானியோவை ரியோஹாக்காரர்கள் பெரும்பாலும் தனியாக விடுவதில்லை. சதைப்பற்றும் இனிமையான பழவாசனையும் கூட்ட கர்னாச்சா, புளிப்பும் நிறமும் நீண்ட ஆயுளும் தர கிராசியானோ, துவர்ப்புக்கு மசுவேலோ. கிராசியானோ விளைச்சல் குறைவான, பாடுபடுத்தும் கொடி. ஒரு காலத்தில் பலர் பிடுங்கிப் போட்டார்கள். கலவையில் அது நூற்றுக்கு ஐந்து பத்து பங்குதான் இருக்கும், ஆனால் இல்லாதபோது வித்தியாசம் தெரியும். ரசத்தில் பெருங்காயம் மாதிரி.

சுவை எப்படி இருக்கும்?

இளசாக இருக்கும்போது செர்ரி, பிளம் வாசனை தூக்கலாக இருக்கும். பீப்பாயில் இருந்து வந்ததில் அதோடு வனிலா, தேங்காய், இலவங்கம், சற்றே புகை. வயதாக ஆகப் பழத்தின் வாசனை பின்னுக்குப் போய், உலர்ந்த அத்தி, புகையிலை, தோல் பை, மழை நின்றபின் காட்டில் வரும் மக்கிய இலை என்று வேறு ஒரு உலகம் திறக்கும். கருஞ்சிவப்பு நிறமும் மெல்ல வெளுத்து, ஓரத்தில் செங்கல் நிறம் காட்டும்.

துவர்ப்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நாவல்பழம் தின்றபின் நாக்கு தடித்துப் போகுமே, அதே சங்கதிதான். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின்தான் அதைச் செய்கிறது. ரியோஹாவில் அந்தத் துவர்ப்பு நடுத்தரம். பீப்பாயிலும் புட்டியிலும் கிடந்து கிடந்து அது உருண்டு மழுங்கிவிடுகிறது. முதல்முறை சிவப்பு ஒயினைத் தொடுபவர்களுக்கு ரியோஹாவை நான் சொல்வது இதனால்தான்.

கிரியான்ஸா, ரெசெர்வா, கிரான் ரெசெர்வா என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

'கிரியான்ஸா' என்ற சொல்லுக்கு வளர்ப்பு என்று பொருள். பிள்ளை வளர்ப்புக்கும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துவார்கள். ஒயின் பிறப்பது சில வாரங்களில். வளர்ப்புதான் பெரிய வேலை என்பது அந்த ஊரின் நம்பிக்கை. சிவப்பு ஒயினுக்குக் கணக்கு இப்படி:

கிரியான்ஸா என்றால் குறைந்தது 2 வருடம் வளர்ந்தது, அதில் 1 வருடம் ஓக் மரப் பீப்பாயில். ரெசெர்வாவுக்கு மொத்தம் 3 வருடம். அதில் பீப்பாயில் குறைந்தது 1 வருடம், புட்டியில் குறைந்தது 6 மாதம். கிரான் ரெசெர்வாவுக்கு 5 வருடம், அதில் பீப்பாயில் 2, புட்டியில் 2. இந்த மூன்றிலும் சேராதவை பொது வகை. அன்றைய வருடத்துப் புது ஒயின்களும், இந்தக் கணக்குக்குள் அடங்க விரும்பாத சில விலையுயர்ந்த ஒயின்களும் அதில் இருக்கும்.

பீப்பாய் 225 லிட்டர் கொள்வது. ஒன்றிலிருந்து ஏறத்தாழ 300 புட்டி. ரியோஹா முழுவதும் இப்படிப் பத்து லட்சத்துக்கும் அதிகமான பீப்பாய்கள் இருட்டில் அடுக்கிக் கிடக்கின்றன. எவ்வளவு பணம் எத்தனை வருடம் முடங்கிக் கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்! பல பழைய நிறுவனங்கள் விதி கேட்பதற்கும் மேலே காத்திருக்கின்றன. ஆரோ ஊரின் லோபெஸ் தே எரேதியா நிறுவனம் தன் கிரான் ரெசெர்வாவைப் பத்து வருடத்துக்குப் பிறகும் நிலவறையிலேயே வைத்திருக்கும்.

கடையில் அடையாளம் காண எளிய வழி: புட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் முத்திரைச் சீட்டின் நிறம். பொது வகைக்குப் பச்சை, கிரியான்ஸாவுக்குச் சிவப்பு, ரெசெர்வாவுக்கு அடர் அரக்கு, கிரான் ரெசெர்வாவுக்கு நீலம்.

அப்படியானால் கிரான் ரெசெர்வாதானே சிறந்தது?

இல்லை. அந்தச் சொற்கள் வயதைச் சொல்கின்றன, தரத்தை உறுதி செய்வதில்லை. நல்ல தயாரிப்பாளரின் கிரியான்ஸா, சுமாரான தயாரிப்பாளரின் கிரான் ரெசெர்வாவைத் தோற்கடிக்கும். சாப்பாட்டோடு குடிக்க என்றால் நான் கேட்பது கிரியான்ஸாதான். பழத்தின் உயிர்ப்பும் மரத்தின் வாசனையும் சமமாக நிற்கும் பருவம் அது. கிரான் ரெசெர்வா நிதானமாக முகர்ந்து, கொஞ்சமாகக் குடிக்க வேண்டியது. நல்ல விளைச்சல் அமைந்த வருடங்களில் மட்டும்தான் பல நிறுவனங்கள் அதைச் செய்யும். 1964, 1994, 2001, 2004, 2010 ஆகியவை அங்கே 'எக்ஸெலென்தே', அதாவது 'மிகச் சிறந்தது' என்று அதிகாரபூர்வமாகத் தரம் பெற்ற வருடங்களில் சில.

ரியோஹாவில் பிரெஞ்சு வாசனை அடிக்கிறது என்கிறார்களே, ஏன்?

வரலாறு அப்படி. ரியோஹாவில் கொடி வளர்ப்பு ரோமானியர் காலத்துப் பழக்கம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பாதிவரை அங்கே பெரும்பாலும் செய்தது, முழுக்குலைகளைக் கல்தொட்டியில் போட்டு, காலால் மிதித்து, அந்த வருடத்துக்குள் குடித்துத் தீர்க்கும் ஒயின். தூரம் அனுப்பினால் கெட்டுவிடும்.

தென்மேற்கு பிரான்சின் போர்தோவில் கற்றுக்கொண்ட முறையை வைத்து லூசியானோ முரியேத்தா என்பவர் 1852இல் ரியோஹாவின் லோக்ரோன்யோ நகரில் பீப்பாயில் வளர்த்த ஒயின் செய்தார். 1858இல் எல்சியேகோ கிராமத்தில் மார்கேஸ் தே ரிஸ்கால் நிறுவனம் தோன்றியது. அடுத்து ஆலவா மாகாண நிர்வாகமே ஜான் பினோ என்ற போர்தோ ஒயின் நிபுணரை 1862இல் வரவழைத்து, உழவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தது. பாடம் நல்ல பாடம். பீப்பாய் வாங்கக் காசு எங்கே? சாதாரண உழவரால் முடியவில்லை. சில வருடங்களில் ஒப்பந்தம் முடிந்தபோது, ரிஸ்கால் நிறுவனம் பினோவைத் தன்னிடம் வேலைக்கு வைத்துக்கொண்டது.

இதற்குள் பிரான்சில் பேரழிவு தொடங்கியிருந்தது. ஃபிலாக்ஸெரா என்ற, கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சின்னப் பூச்சி, அமெரிக்காவிலிருந்து வந்து கொடியின் வேரைத் தின்று தோட்டம் தோட்டமாகச் சாகடித்தது. குடிக்கப் பழகிய பிரான்சுக்கு ஒயின் வேண்டும். போர்தோ வியாபாரிகள் மலை தாண்டி இறங்கினார்கள். ஆரோவில் ரயில் நிலையம் இருந்தது. அதைச் சுற்றியே நிறுவனங்கள் முளைத்தன. லோபெஸ் தே எரேதியா 1877, கூனே 1879. பீப்பாயை உருட்டி நேரே ரயிலில் ஏற்றிவிடலாம் அல்லவா! இன்றும் 'பாரியோ தே லா எஸ்தாசியோன்' என்ற அந்த ரயில் நிலையத் தெருவில் நூறு வருடம் கடந்த நிறுவனங்கள் தோளோடு தோள் நிற்கின்றன.

நூற்றாண்டு முடிகிற சமயத்தில் அதே பூச்சி ரியோஹாவுக்கும் வந்தது. அதற்குள் மருந்து தெரிந்துவிட்டது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் ஊர்க்கொடியை ஒட்டுக்கட்டுவதுதான் அது. இன்று ரியோஹாவில் நீங்கள் பார்க்கும் கொடிகளில் பெரும்பாலானவற்றுக்கு மண்ணுக்கு மேலே ஸ்பெயின், கீழே அமெரிக்கா.

சில புட்டிகளைச் சுற்றித் தங்கநிறக் கம்பி வலை இருப்பது ஏன்?

இன்று அழகுக்கு. அன்று பூட்டு. 1895இல் போர்தோ கண்காட்சியில், பிரெஞ்சு அல்லாத ஒயின்களில் முதன்முறையாக ரிஸ்கால் கௌரவப் பட்டயம் வாங்கியது. பேர் பரவியதும் காலிப் புட்டிகளைச் சேகரித்து, மட்டமான ஒயினை ஊற்றித் தக்கை அடித்து விற்கத் தொடங்கினார்கள். வலையை அறுக்காமல் தக்கையைப் பிடுங்க முடியாது, அறுத்த வலையை ஒட்ட முடியாது. போலியைத் தடுக்கக் கண்டுபிடித்த வழியை மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன.

வனிலா வாசனைக்கு ஏதாவது கலக்கிறார்களா?

இல்லை, மரத்திலிருந்து வருவது. ரியோஹா நெடுங்காலமாக அமெரிக்க ஓக் பீப்பாய்களை விரும்பியது. அமெரிக்க ஓக்கில் வனிலாவும் தேங்காயும் தூக்கலாக இருக்கும். பிரெஞ்சு ஓக் அடக்கமானது, இலவங்கம், சோம்பு போன்ற மசாலாச் சாயல் தரும். இப்போது இரண்டையும் கலந்து பயன்படுத்துவோர் அதிகம். புதுப் பீப்பாயில் வாசனை வலுவாக இறங்கும். பழைய பீப்பாய் வாசனை தராது, ஆனால் மரத்தின் நுண்துளை வழியே துளித்துளியாகக் காற்றை விட்டு ஒயினைப் பதப்படுத்தும். பழைய பாணி நிறுவனங்கள் இதை நம்புகின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒயினை இறக்கி, அடியில் தங்கிய வண்டலைப் பிரிப்பார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்து, கலங்கல் வந்ததும் நிறுத்துவது அந்த வேலையின் பழைய முறை.

முட்டை சேர்க்கிறார்களாமே? சைவர்கள் குடிக்கலாமா?

நல்ல கேள்வி, கடைக்காரர்கள் பலருக்கே பதில் தெரியாது. ஒயினைத் தெளிய வைக்க முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து பீப்பாயில் விடுவது ரியோஹாவின் பழைய வழக்கம். வெள்ளைக்கரு முரட்டுத் துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் படியும், தெளிந்ததை மேலே வடித்துக்கொள்வார்கள். முட்டை ஒயினில் தங்குவதற்காகச் சேர்ப்பதில்லை. ஆனாலும் முட்டை தொட்டதே வேண்டாம் என்பவர்கள் விசாரித்து வாங்குவது நல்லது. களிமண் வகையான பென்டோனைட்டால் தெளிய வைப்பவர்களும், தெளிய வைக்காமலே விடுபவர்களும் இருக்கிறார்கள். 'வேகன்' என்று குறித்த புட்டியை நம்பலாம். முட்டையின் தடயம் மிஞ்சியிருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையாக அதைக் குறிப்பிட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி.

ரிபேரா தெல் துவேரோவும் இதுவும் ஒன்றுதானா?

திராட்சை ஒன்று, ஆள் வேறு. ரிபேரா தெற்கே துவேரோ ஆற்றங்கரையில், கடல்மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கும் மேலே இருக்கும் பீடபூமி. பகலில் சுடும், இரவில் நடுங்கும். பழத்தோல் தடிக்கிறது. ஒயின் கறுப்பாகவும் கனமாகவும் துவர்ப்பாகவும் இருக்கும். ரியோஹா அதைவிட மெலிந்தது, மென்மையானது. தட்டில் பெரிய மாமிசத்துண்டு இருந்தால் ரிபேரா. பலவகை உணவு மேசையில் இருந்தால் ரியோஹா.

புட்டியில் ஊர்ப் பெயரும் தோட்டப் பெயரும் இப்போது அதிகம் தெரிகிறதே?

இது அங்கே நடந்த ஒரு பெரிய வாக்குவாதத்தின் விளைவு. எத்தனை வருடம் வளர்ந்தது என்பதை மட்டுமே சீட்டு சொல்கிறது, எந்த மண்ணில் விளைந்தது என்பதைச் சொல்வதில்லை என்று சிலர் குறைபட்டார்கள். லாகுவார்தியா ஊரின் அர்தாதி நிறுவனம் ரியோஹா என்ற பெயரையே விட்டு வெளியேறியது. 2017இல் ரியோஹா ஒயினின் ஒழுங்குமுறைக் குழு, தனித்தோட்ட ஒயின்களுக்கு 'வின்யேதோ சிங்குலார்' என்ற தகுதியைக் கொண்டுவந்தது. கிராமப் பெயர் போடும் உரிமையும் விரிந்தது. இந்த மாற்றம் தேவையானதுதான் என்பது என் எண்ணம். பல கிராமத்துப் பழத்தைக் கலந்து சமநிலை காண்பது ஒரு கலை, ஒரு சரிவின் குரலைத் தனியே கேட்பதும் ஒரு கலை. ஒன்றுக்காக மற்றதைக் கைவிட வேண்டியதில்லை.

அந்த ஊர்க்காரர்கள் எதோடு சாப்பிடுகிறார்கள்?

இதற்குத்தான் நான் காத்திருந்தேன்.

முதலாவது, ஆட்டுக்குட்டி விலா. குளிர்காலத்தில் கொடியைக் கவாத்து செய்யும்போது விழும் சுள்ளிகளைக் கட்டுகட்டாகக் கட்டி உலர வைப்பார்கள். அந்தச் சுள்ளிக்கு 'சார்மியென்தோ' என்று பெயர். அதைக் கொளுத்தினால் நெருப்பு குபீரென்று எழுந்து சீக்கிரமே அடங்கி, வாசனையான தணல் தரும். மேலே கம்பித் தட்டியை வைத்து, பால்குடி மறவாத குட்டியின் சின்ன விலா எலும்புத்துண்டுகளைப் பரப்பி, கல்லுப்பு மட்டும் தூவிச் சுடுவார்கள். கையால் எடுத்துக் கடிப்பதுதான் முறை. ஒயினின் துவர்ப்பு கொழுப்பை நாக்கிலிருந்து துடைத்துவிடும், கொழுப்பு துவர்ப்பை மழுக்கும். பழம் தந்த கொடியின் சுள்ளியிலேயே கறி வேகிறது. புகையும் ஒயினும் ஒரே தோட்டத்துச் சொந்தம். இதற்கு கிரியான்ஸா அல்லது ரெசெர்வா.

இரண்டாவது, ரியோஹா உருளைக்கிழங்கு. 'பத்தாத்தாஸ் அ லா ரியோஹானா' என்பார்கள். வெங்காயம், பூண்டு, சோரிசோ என்ற மிளகாய்த்தூள் போட்ட பன்றித் தொத்திறைச்சி, காய்ந்த சிவப்பு மிளகாயின் சதை, பிரியாணி இலை, உருளைக்கிழங்கு, தண்ணீர். அவ்வளவுதான். நுணுக்கம் கிழங்கை வெட்டுவதில் இருக்கிறது. கத்தியைப் பாதிவரை இறக்கி, மீதியை 'டக்'கென்று உடைத்தெடுக்க வேண்டும். உடைந்த முரட்டு முகத்திலிருந்து மாவு கசிந்து குழம்பு தானாகக் கெட்டியாகும். இந்தக் காய்ந்த மிளகாய் எரியாது, நிறமும் இனிப்பும்தான் தரும். இளம் ஒயினோ கிரியான்ஸாவோ இதற்குப் பொருத்தம். பெரிய வயதான ஒயினை இதோடு வைத்தால் பூண்டும் சோரிசோவும் அதை அமுக்கிவிடும்.

அங்கியானோ ஊரின் சிவப்பு அவரை, 'கப்பர்ரோனெஸ்', பன்றிக்கறியோடு மண்சட்டியில் வெந்தால் குளிர்காலத்துக்கு வேறொன்றும் வேண்டாம். சீஸில் பாஸ்க் நாட்டின் இதியாசாபால் என்ற செம்மறிப்பால் சீஸ், அதிலும் புகைபோட்டது, வயதான ரெசெர்வாவோடு ரொம்ப ஒட்டும். லா ரியோஹா மலையின் ஆட்டுப்பால் கமெரானோ சீஸ் இளசாக இருந்தால் சிவப்பைவிட வெள்ளை ஒயினே நல்ல துணை.

மீனோடு சிவப்பு ஒயின் கூடாது என்பது உண்மையா?

பாதி உண்மை. எண்ணெய் மிகுந்த மீனும் துவர்ப்பு மிகுந்த ஒயினும் சேர்ந்தால் வாயில் இரும்புச் சுவை வரும். ஆனால் ரியோஹாக்காரர்களே உப்புக்கண்டம் போட்ட காட் மீனைத் தக்காளி, சிவப்பு மிளகாய்ச் சாற்றில் வேகவைத்து, இளம் சிவப்பு ஒயினோடு சாப்பிடுகிறார்கள். மீனைவிட சாறுதான் அங்கே துணையைத் தீர்மானிக்கிறது.

கறி சாப்பிடாதவர்களுக்கு?

காளான். இதைவிடப் பொருத்தம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. லோக்ரோன்யோவின் லௌரெல் தெரு முழுக்கச் சின்னச் சின்ன மதுக்கடைகள், ஒவ்வொன்றும் ஓரிரு பண்டங்களுக்குப் பேர்போனது. அங்கே புகழ்பெற்றது, பூண்டெண்ணெயில் சுட்ட காளான் தலைகளை அடுக்கி, ரொட்டித்துண்டில் குச்சி குத்தி நிறுத்தியது. மேலே ஒரு இறால் வைப்பார்கள். வேண்டாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சுட்டுத் தோலுரித்த பிக்கியோ மிளகாய், கறி சேர்க்காமல் வேகவைத்த சிவப்பு அவரை, சுட்ட கத்தரிக்காய், வயதான சீஸ் எல்லாம் நன்றாக இருக்கும். ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காய் மட்டும் எச்சரிக்கை. அதிலுள்ள ஒரு பொருள் அடுத்து வாயில் படும் எதையும் இனிப்பாக்கிக் காட்டும், ஒயின் ருசி குலைந்துவிடும்.

காரமான சாப்பாட்டோடு?

மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும், துவர்ப்பு கசப்பாகத் தெரியும். ரியோஹாவில் ஆல்கஹால் பெரும்பாலும் நூற்றுக்கு 13.5 முதல் 14.5 வரை. அதனால் நல்ல காரத்துக்கு முன்னால் விலையுயர்ந்த ரெசெர்வாவைத் திறக்காதீர்கள், வீண். மரவாசனை இல்லாத இளம் ஒயினைச் சற்றுக் குளிரவைத்துக் கொடுங்கள். மிளகு, சீரகம், வறுத்த மசாலா தூக்கலாக, மிளகாய் அடக்கமாக இருக்கும் ஆட்டுக்கறி வறுவலுக்கு கிரியான்ஸா தாங்கும்.

எந்தக் குளிரில் பரிமாற வேண்டும்?

சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' குடிக்கலாம் என்ற அறிவுரை ஐரோப்பியக் கல்வீட்டின் அறைக்குச் சொன்னது. 32 டிகிரி அறையில் ஒயின் சாராயம் போல் மூக்கில் ஏறும். இளம் ஒயினுக்கு 13, 14 டிகிரி, கிரியான்ஸாவுக்கு 15, 16, வயதானதற்கு 17, 18. வெயில் ஊரில் புட்டியை ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்குமேல் வையுங்கள். அவசரமென்றால் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்து நிமிடம்.

திறந்ததும் வேறு பாத்திரத்தில் ஊற்றி வைக்க வேண்டுமா? எப்படிச் சேமிப்பது?

இளம் ஒயினுக்கும் கிரியான்ஸாவுக்கும் தேவையில்லை. வயதான புட்டியை ஒரு நாள் முன்னால் நிமிர்த்தி வைத்தால் வண்டல் கீழே இறங்கும், மெதுவாகச் சாய்த்து ஊற்றிக் கடைசி விரற்கடையை விட்டுவிடலாம். இருபது முப்பது வயதான ஒயினை மணிக்கணக்காகக் காற்றாட விடாதீர்கள், வாசனை பறந்துவிடும்.

தக்கை போட்ட புட்டியைப் படுக்கவைத்து, இருட்டில், சூடு ஏறி இறங்காத இடத்தில் வையுங்கள். ஒரு ரெசெர்வாவை நான் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு கோடை முழுக்க மறந்துவிட்டேன். திறந்தபோது காய்ச்சிய ஜாம் வாசனைதான் வந்தது. செய்தவர் மூன்று வருடம் பொறுமையாக வளர்த்ததை நான் மூன்று மாதத்தில் கெடுத்தேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

தினமும் ஒரு குவளை இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

அதை நம்பிக் குடிக்கத் தொடங்காதீர்கள். எந்த அளவு மதுவும் உடல்நலத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. குடிப்பவர்கள் ருசிக்காக, சாப்பாட்டோடு, கொஞ்சமாக. மருந்தென்று நினைத்து வேண்டாம்.

நேரில் போனால் எங்கே போகலாம்?

ஆரோவின் ரயில் நிலையத் தெரு, லோக்ரோன்யோவின் லௌரெல் தெரு, மதில் சூழ்ந்த மலையூர் லாகுவார்தியா. லாகுவார்தியாவில் வீடுகளுக்கு அடியில் குடைந்த நிலவறைகள் இருக்கின்றன. தெருவின் கீழே வெற்றிடம் என்பதால் உள்ளே வண்டிகளை விடுவதில்லை. நடந்துதான் போக வேண்டும், அதுவே சுகம். எல்சியேகோவில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெஹ்ரி வடிவமைத்து 2006இல் திறந்த, ஊதாவும் பொன்னும் வெள்ளியுமாக உலோகத் தகடுகள் சுருண்டு பறக்கும் ஓட்டலைப் பார்க்கலாம். அறுவடை செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை. ஜூன் 29 அன்று ஆரோ மக்கள் வெள்ளுடை அணிந்து மலைக்குப் போய் ஒருவர்மேல் ஒருவர் ஒயினைப் பீய்ச்சும் திருவிழா நடக்கும். திரும்பும்போது உடை முழுக்க ஊதா.

மிச்சமான ஒயினை என்ன செய்வது?

தக்கையை அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கும் மேல் போனால் சமையலுக்கு. லா ரியோஹாவில் ரின்கோன் தே சோத்தோ என்ற ஊரின் பேரிக்காய் பேர்போனது. கெட்டியான பேரிக்காயைத் தோல் சீவி, காம்பை விட்டுவைத்து, மூழ்கும் அளவு சிவப்பு ஒயின், சர்க்கரை, ஒரு துண்டு பட்டை, எலுமிச்சைத் தோல் சேர்த்து சிறுதீயில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். பழத்தை எடுத்துவிட்டுச் சாற்றைப் பாகாகச் சுண்டவைத்து மேலே ஊற்றுங்கள். அன்றே சாப்பிடாமல் ஒரு இரவு ஊறவிட்டால் நிறம் நடுவரை இறங்கியிருக்கும்.